பிழை நாளுக்குக் கட்டணம் உண்டு

எங்கள் நிறுவனத்தில் இரண்டே பேர். நான் எழுதுவேன், தம்பி படம் போடுவான். இயந்திரம் வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்குமே, எல்லோரும் முதலில் எடுத்து ஓரமாக வைப்பார்களே, அந்தப் புத்தகம்தான் எங்கள் தொழில். தையல் இயந்திரம், தண்ணீர் பம்பு, மாவு பிசையும் இயந்திரம், ஒரு முறை பல் மருத்துவரின் நாற்காலி. எதை முதலில் திருக வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று பதினெட்டு வருடம் முன்பின் தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அவன் போனது ஒரு வியாழக்கிழமை மதியம். சாப்பிட்டுவிட்டு அலுவலகத்தின் பின்பக்கம் கை கழுவப் போனான். குழாய் ஓடுகிற சத்தம் நிற்கவே இல்லை. "தண்ணியை மூடுடா" என்று இருந்த இடத்திலிருந்தே கத்தினேன். அவனிடம் நான் கடைசியாகப் பேசியது அதுதான். அவனுக்குக் கேட்டதா என்று தெரியாது. நாற்பத்து நான்கு வயது. என்னைவிட மூன்று வயது சின்னவன்.

அடுத்த ஆறு மாதத்தில் பழைய வாடிக்கையாளர்களில் இரண்டு பேர் மரியாதையாக விலகிக்கொண்டார்கள். மூன்றாமவர், "கொஞ்சம் ஆறப் போட்டுப் பார்க்கலாம்மா" என்றார். எதை ஆறப் போடச் சொன்னார் என்று கேட்கவில்லை. ஆறாத விஷயம் எது என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

அப்போதுதான் சித்தப்பா வந்தார். அப்பாவின் கடைசித் தம்பி. அச்சகமும் விளம்பர ஏஜென்சியும் வைத்திருக்கிறார். மூன்று மாடி, நாற்பது ஊழியர்கள். தம்பியின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தவர், அந்த மேஜையைப் பார்க்காமல் இருப்பதற்காகவே என்னை ரொம்ப நேரம் பார்த்தார்.

"ரெண்டு பேர் கம்பெனியில ஒருத்தர் போயிட்டா அது கம்பெனி இல்லம்மா. வீட்டுல உக்காந்து கடுதாசி எழுதுற மாதிரி."

"எழுதுறேனே. நல்லாத்தானே எழுதுறேன்."

"யாரு இல்லைன்னா? மூணாவது மாடியில ஜன்னலோரம் ஒரு சீட் போட்டு வச்சிருக்கேன். மாசமானா சம்பளம். வாசல்ல இருக்குற பலகையைக் கழட்டிட்டு வந்துடு."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திட்டியிருந்தால் சும்மா இருந்திருப்பேன்.

"ஒரே ஒரு வேலை, சித்தப்பா. இந்த மாசம் முடியறதுக்குள்ள பெரிய இடத்துல ஒரு வேலை எடுக்கிறேன். என் விலைக்கு, என் முறையில. முடியலைன்னா நானே ஸ்க்ரூடிரைவர் எடுத்துப் பலகையைக் கழட்டிட்டு வர்றேன்."

"என் முறையிலன்னா? அந்தப் பிழை நாள் கூத்தா?"

"அதேதான்."

அவர் சிரித்தார். "ஜன்னலோரம் வெயில் வரும். திரை போட்டு வைக்கச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிழை நாள் என்பது நாங்கள் வைத்த பெயர். அது எங்கள் முட்டாள்தனத்திலிருந்து பிறந்தது. எங்களுடைய முதல் பெரிய வேலை தையல் இயந்திரம். தம்பி இடது கைக்காரன். தன் கையையே பார்த்து நாற்பது படம் போட்டான். நான் அவன் கையைப் பார்த்து எழுதினேன். இரண்டு பேருக்கும் அது அவ்வளவு பழகிப்போன கை என்பதால், இருவர் கண்ணிலும் படவில்லை. புத்தகம் அச்சாகி ஊரெல்லாம் போன பிறகு கம்பெனிக்காரர் போன் செய்தார். "ஏங்க, இந்த மெஷினை வாங்குறவங்க முதல்ல வலது கையைக் கட்டிப் போட்டுக்கணுமா?"

நாற்பது படத்தையும் எங்கள் செலவில் மறுபடி போட்டோம். அதற்குப் பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டோம். எழுதுவதற்கு முன்னால் ஒரு முழு நாள். அறையின் நடுவில் இயந்திரம். அதைப் பற்றி ஒன்றுமே தெரியாத மூன்று பேர், ஒவ்வொருவராக வந்து, கம்பெனியின் பழைய புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு அதை ஓட்டிப் பார்க்க வேண்டும். நாங்கள் வாயைத் திறக்கக் கூடாது. அவர்கள் தடுமாறுகிற ஒவ்வொரு இடத்தையும் நான் எழுதுவேன். அந்த நொடியில் கை எங்கே இருந்தது என்பதைத் தம்பி வரைவான். நாங்கள் எழுதும் புத்தகம் அந்தத் தடுமாற்றங்களுக்குப் பதிலாகத்தான் இருக்கும், இயந்திரத்துக்குப் புகழுரையாக இருக்காது. அந்த ஒரு நாளுக்குத் தனிக் கட்டணம். முன்பணமாக. அது இல்லாமல் நாங்கள் ஒரு வரி எழுதியதில்லை, ஒரு மாதிரிப் பக்கம் கொடுத்ததில்லை.

"நாலு பேர் தப்பு பண்றதை வேடிக்கை பார்க்கறதுக்குக் காசா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனவர்கள் உண்டு. தம்பி அவர்களை வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வருவான். "போகட்டும்க்கா. இவங்களுக்கு எழுதினா, இவங்க சொல்றதைத்தான் எழுதணும்" என்பான். எழுந்து போகாதவர்கள் வருடக் கணக்கில் எங்களோடு இருந்தார்கள்.

சித்தப்பாவிடம் வாய் விட்டாகிவிட்டது. மறுநாள் காலை முப்பது கம்பெனிப் பெயர்களை ஒரு தாளில் எழுதினேன். முப்பது பேருக்கும் ஒரே கடிதத்தை அனுப்புவது சித்தப்பாவின் வழி. நான் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். யாருக்கு நான் இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையாதோ அவர்களையெல்லாம் அடித்தேன். மிஞ்சியது ஒன்று. தொழிற்சாலைகளுக்குப் பம்பு செய்துகொண்டிருந்த பெரிய கம்பெனி. இரண்டு வருடமாக வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் ஆக்சிஜன் இயந்திரம் செய்கிறார்கள். மூச்சுத் திணறல் உள்ளவர்கள் கட்டிலருகில் வைத்துக்கொண்டு, ஒரு குழாயை மூக்கில் மாட்டிக்கொள்வார்களே, அது.

மருத்துவ உபகரணங்களை வாடகைக்கு விடும் கடை ஒன்று எங்கள் தெருக்கோடியில் இருந்தது. கடைக்காரர் மனைவி எனக்குப் பள்ளித் தோழி. பத்து நாள் அந்தக் கடையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். "இந்த மெஷின் வேலை செய்யலைங்க" என்று அந்தக் கம்பெனி இயந்திரத்தைத் திருப்பிக் கொண்டுவந்தவர்களிடம் பேசினேன். மொத்தம் பதினெட்டுப் பேர். ஒவ்வொரு இயந்திரத்தையும் கடைக்காரர் என் முன்னால் ஓட்டிப் பார்த்தார். பதினொன்றில் எந்தக் கோளாறும் இல்லை.

கம்பெனியின் உரிமையாளர் பெயருக்கு ஒரு கடிதம் எழுதினேன். கையெழுத்தில், ஒரே பக்கம். நாங்கள் யார், எத்தனை வருட அனுபவம் என்றெல்லாம் எழுதவில்லை. 'உங்கள் இயந்திரம் கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுத்த பதினெட்டுப் பேரை நேரில் பார்த்தேன். பதினொரு இயந்திரம் நன்றாக இருக்கிறது. புத்தகம்தான் சரியில்லை. அந்தப் புத்தகத்தை எழுதுவது என் தொழில்.' அவ்வளவுதான். கூடவே நாங்கள் கடைசியாக முடித்த பம்புப் புத்தகம் ஒன்று.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. நேரில் வரச் சொல்லியிருந்தார்கள்.

சித்தப்பாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன், பெருமைதான் காரணம். காலையிலேயே காரோடு வந்து நின்றுவிட்டார், இஸ்திரி போட்ட சட்டையோடு.

"அவ்வளவு பெரிய இடத்துக்கு ஒத்தையா போனா, பொழைக்கத் தெரியாத பொண்ணுன்னு நினைப்பாங்க. நான் சும்மா பக்கத்துல உக்காந்திருக்கேன்."

"சும்மா உக்காருவீங்களா, நீங்க?"

"வாயையே திறக்க மாட்டேன். ஆனா ரெண்டு விஷயம் கேட்டுக்க." வண்டியை எடுத்துக்கொண்டே சொன்னார். "ஒண்ணு, விலையைப் பாதியாக்கு. முதல்ல உள்ள நுழை. அப்புறம் ஏத்திக்கலாம்."

"பாதி விலைக்கு உள்ள போனவங்களைப் பாதி ஆளாத்தான் கடைசி வரைக்கும் பார்ப்பாங்க. ரெண்டாவது?"

சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "சின்னவன் போனதைச் சொல்லாத. கையெழுத்து ஆகட்டும்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. காரில் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கூட்ட அறை நீளமாக, குளிராக இருந்தது. சுவரோரம் சக்கர மேடையில் அந்த இயந்திரம். பக்கவாட்டில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். ஒருவர் கொள்முதல் மேலாளர். முன்னால் மூன்று கோப்புகளை விளிம்பு தப்பாமல் அடுக்கி வைத்திருந்தார். இன்னொருவர் நான் கடிதம் எழுதியிருந்த உரிமையாளர், ஓர் அம்மா. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடி. வலது கை ஆள்காட்டி விரல் நகம் நசுங்கி, வளராமல் நின்றிருந்தது. பட்டறையில் கை வைத்த ஆள் என்று அந்த நகம் சொல்லியது. எனக்குத் தைரியம் வந்தது.

மேலாளர்தான் ஆரம்பித்தார். "உங்க லெட்டர் நல்லா இருந்தது. ஆனா பாருங்க, மூணு பெரிய ஏஜென்சி ஏற்கெனவே சாம்பிள் குடுத்திருக்காங்க. எட்டு எட்டுப் பக்கம், கலர்ல. எல்லாம் ஃப்ரீ. நீங்களும் ஒரு நாலு பக்கம் பண்ணிக் குடுத்தீங்கன்னா ஒப்பிட்டுப் பார்க்கலாம்."

"நாங்க சாம்பிள் கொடுக்கறதில்லை சார்."

"ஏன்?"

"உங்க மெஷினை ஜனங்க எப்படித் தப்பா ஓட்டுறாங்கன்னு பார்க்காம எழுதுற நாலு பக்கம் சாம்பிள் கிடையாது. கற்பனை. கற்பனைக்கு நான் சரிப்பட மாட்டேன்."

பக்கத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. "அவ சொல்றது என்னன்னா," என்றார் வாயையே திறக்க மாட்டேன் என்றிருந்த சித்தப்பா, "நாலு பக்கம்தானே, ரெண்டு நாள்ல குடுத்துடுவா."

"கொடுக்க மாட்டேன் சித்தப்பா."

மேலாளர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். உரிமையாளர் அம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "எங்க புத்தகத்துல அப்படி என்னதான் குறை? எங்க எஞ்சினியருங்க எழுதினது அது."

"உங்க மெஷின் இங்க இருக்கு, புத்தகமும் இருக்கு மேடம். நீங்களே ஒரு தடவை போட்டுப் பாருங்களேன்."

"நானா? என் மெஷினையா?" என்று சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டார். மேலாளர், "டெக்னீஷியனைக் கூப்பிடட்டுமா மேடம்?" என்றார். "எதுக்கு? எனக்குக் கை இல்லையா?"

புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகச் செய்தார். ஏழாவது வரி: 'ஈரப்பத பாட்டிலில் நீர் நிரப்பி, சரியாகப் பொருத்தவும்.' நிரப்பினார். மூடியைத் திருகிப் பொருத்தினார். குழாயைச் செருகினார். பொத்தானை அழுத்தினார். இயந்திரம் பெருமூச்சு விட்டு ஓட ஆரம்பித்தது. காற்றின் அளவைக் காட்டும் கண்ணாடிக் குழலுக்குள் இருந்த சின்ன உருண்டை மேலே எழும்பியது. பாட்டிலுக்குள் தண்ணீர் கொப்பளித்தது.

"பார்த்தீங்களா? வேலை செய்யுது" என்றார்.

சித்தப்பா கைதட்டாத குறை. "பிரமாதம் மேடம்!"

நான் எனக்காக வைத்திருந்த தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினேன். "குழாயோட நுனியை இதுல விடுங்க மேடம். மூக்குல வைக்கிற நுனியை."

விட்டார். டம்ளரில் ஒரு குமிழி வந்தது. பிறகு எதுவும் வரவில்லை. உருண்டை மேலேயே இருந்தது. பாட்டில் கொப்பளித்துக்கொண்டே இருந்தது. டம்ளர் அமைதியாக இருந்தது.

மேலாளர் எழுந்து வந்து கழற்றி மாட்டினார். அதேதான். இன்னும் அழுத்தித் திருகினார். அதேதான். உரிமையாளர் அம்மா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டிருந்தது. "எல்லாம் ஓடுற மாதிரியே இருக்கு. ஆனா மூக்குக்குப் போகலை" என்றார், யாரிடமும் இல்லாமல்.

"பதினொண்ணுல ஆறு இதுதான் மேடம். பாட்டில் மூடி மரை மாறி ஏறிடுது. காத்து எல்லாம் அந்த இடுக்கு வழியா வெளிய போயிடும்." நான் எழுந்துபோய் மூடியைக் கழற்றினேன். "முதல்ல எதிர்ப்பக்கமாத் திருப்பணும். 'டொக்'னு கொஞ்சம் கீழ இறங்கும். அப்புறம்தான் முன்னால திருகணும்." திருகினேன். டம்ளரில் குமிழிகள் பொங்கி வந்தன.

"இதை இலவசமாச் சொல்றேன். இது மூச்சு. மூச்சுக்குப் பேரம் பேச மாட்டேன். வாடகைக் கடைக்காரர்கிட்டயும் சொல்லிட்டேன், அவர் வர்றவங்க எல்லாருக்கும் செய்து காட்டுறார். ஆனா இன்னும் இந்த மாதிரி எத்தனை இருக்குன்னு எனக்கே தெரியாது. அதைக் கண்டுபிடிக்க ஒரு நாள் வேணும். பிழை நாள்னு சொல்லுவோம். அதுக்குக் கட்டணம் உண்டு." எவ்வளவு என்று சொன்னேன். குரல் நடுங்கவில்லை. வீட்டில் கண்ணாடி முன்னால் ஐந்து தடவை சொல்லிப் பார்த்திருந்தேன்.

மேலாளர் தன் நாற்காலிக்குப் போய்ச் சேர்ந்தார். கோப்புகளை மறுபடி நேராக்கினார். "ஒரு நாளைக்கா இது? இருபது பர்சென்ட் குறைச்சுக்குங்க. இன்னிக்கே பேசி முடிச்சுடலாம்."

சித்தப்பா மேஜைக்கடியில் என் காலை மிதித்தார்.

"விலை குறையாது சார். வேணும்னா வேலையைக் குறைக்கலாம். மூணு பேருக்குப் பதிலா ரெண்டு பேரை வச்சுப் பார்க்கலாம். யாரை விட்டுடலாம்னு நீங்களே சொல்லுங்க. கண்ணு மங்கினவங்களையா, கை நடுங்குறவங்களையா, உதவிக்கு ஆள் இல்லாம வீட்டுல தனியா இருக்கறவங்களையா?"

அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார்.

"யாரையும் விட வேண்டாம்" என்றார் உரிமையாளர் அம்மா. நான் அனுப்பியிருந்த பம்புப் புத்தகத்தை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்தில் நிறுத்தினார். வால்வை மூடும் ஒரு கை. பெருவிரல் எவ்வளவு அழுத்துகிறது என்பது அந்த நகத்தின் வெளுப்பில் தெரியும். "இந்தக் கையைப் பாருய்யா" என்று மேலாளரிடம் காட்டினார். "ஒரு வார்த்தை படிக்க வேண்டாம். யாரு போட்டது?"

"என் தம்பி மேடம்."

"அவரையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே."

நான் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா முந்திக்கொண்டார். "வெளியூர் போயிருக்கான் மேடம். அடுத்த வாரம் வந்துடுவான்."

இதை எழுதும்போதும் அந்த ஒரு நொடி எனக்கு அப்படியே இருக்கிறது. அவர் அவ்வளவு இயல்பாகச் சொன்னார். அடுத்த வாரம் வந்துவிடுவான். எந்த ஊர், எந்த வண்டியில் வருகிறான் என்று கேட்க நாக்கு எழுந்துவிட்டது. ஏழு மாதமாக யாரும் அவன் வருவான் என்று என்னிடம் சொல்லியிருக்கவில்லை. அந்தப் பொய்க்குள்ளேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கலாம் போல இருந்தது. வேலையும் கிடைத்துவிடும். அவனும் வெளியூரில் இருப்பான்.

உரிமையாளர் அம்மா, "அப்போ அடுத்த வாரமே வச்சுக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே நாட்காட்டியைத் திருப்பினார்.

"என் தம்பி இறந்து ஏழு மாசம் ஆச்சு மேடம்" என்றேன்.

நாட்காட்டித் தாள் அவர் விரலில் பாதியில் நின்றது. சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். காது மடல் சிவந்துவிட்டிருந்தது. உரிமையாளர் அம்மா அவரைக் காட்டி, "இவர் யாரு?" என்றார்.

"எங்க சித்தப்பா. நல்லவர்தான். எனக்காகத்தான் பொய் சொன்னார். ஆனா நான் எழுதுற புத்தகத்தை நம்பி ஒருத்தர் மூக்குல குழாயை மாட்டிக்கப் போறாங்க. அதை ஒரு பொய்யில ஆரம்பிக்க முடியாது. அதுவும் அவனை வச்சு முடியாது."

மேலாளர் கோப்பை மூடினார். அதில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்த மாதிரி எனக்குப் பட்டது. "வருத்தமா இருக்குங்க. ஆனா ஆளே இல்லாத ஏஜென்சிக்கு நாங்க எப்படி—"

"ஆள் இருக்கு சார். உங்க எதிர்ல உக்காந்திருக்கேன். படம் போட ஆள் இல்லை, அது வேற. பிழை நாளுக்கு என் ஒருத்தி கண்ணும் காதும் போதும். முடிஞ்சதும் அறிக்கை கொடுப்பேன். அது உங்க சொத்து. படத்துக்கு நான் கொண்டுவர்ற ஆள் உங்களுக்குப் பிடிக்கலைன்னா, அறிக்கையைக் கொண்டுபோய் அந்த மூணு ஏஜென்சியில யார்கிட்ட வேணும்னாலும் குடுங்க. எங்க சித்தப்பாகிட்டக்கூடக் குடுங்க, அவர்கிட்ட நாப்பது பேர் இருக்காங்க. அவன் மாதிரியே போடுற ஆள் கிடைப்பாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். கிடைக்க மாட்டாங்க."

யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். அதற்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். வெளியே வரும்போது திரும்பிப் பார்த்தேன். உரிமையாளர் அம்மா குழாயின் நுனியை மறுபடி டம்ளருக்குள் விட்டுக்கொண்டிருந்தார்.

காரில் சித்தப்பா வெடித்தார். "கையில வந்து விழுந்ததை உதறிட்டியே! தேதி குறிச்சாங்களே! வாய் திறந்து கெடுத்தியே!"

"வாய் திறக்க மாட்டேன்னு சொன்னது நீங்க."

"உன் நல்லதுக்குத்தானே சொன்னேன்!"

"தெரியும். ஆனா அவனை வெளியூர் அனுப்பிட்டீங்களே சித்தப்பா."

சிக்னலில் வண்டி நின்றது. பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் எடுக்கவில்லை. "சொல்லும்போது எனக்கே நெஜம் மாதிரி இருந்துச்சும்மா" என்றார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, பின்னால் ஹாரன் அடித்தவரை நன்றாக நாலு வார்த்தை திட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.

மாதம் முடிய ஐந்து நாள் இருந்தது. நான் அந்தக் கம்பெனிக்குப் போன் செய்யவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. மறுபடி கூப்பிட்டால் விலைதான் குறையும். பதிலுக்கு அலுவலகத்தைப் பெருக்கினேன். ஏழு மாதமாகத் தொடாத தம்பியின் மேஜையைத் துடைத்தேன். அவனுடைய பென்சில்களை எடுத்து ஒரு பெட்டியில் போட்டேன், எறியவில்லை. மேஜை காலியாக இருக்க வேண்டும். யார் வந்து உட்கார்ந்தாலும் அது அவர்கள் மேஜையாக இருக்க வேண்டும். இதைச் செய்ய ஒரு காலைப் பொழுது முழுவதும் ஆனது.

நான்காவது நாள் மேலாளரிடமிருந்து மின்னஞ்சல். பிழை நாளுக்கு ஒப்புதல். மூன்று பேர். நான் சொன்ன தொகை, ஒரு காசு குறையாமல், முன்பணமாக. 'அறிக்கை திருப்தியாக இருந்தால், ஐந்து இயந்திரங்களுக்கான புத்தகங்களும் தங்கள் நிறுவனத்துக்கே' என்று கடைசி வரி. அதை நாற்காலியிலிருந்து எழுந்து நின்று இன்னொரு தடவை படித்தேன்.

அரை மணி நேரத்தில் உரிமையாளர் அம்மாவே போனில் வந்தார்.

"ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு நானும் வந்து உக்காரலாமா?"

"வரலாம் மேடம். ஆனா பேசக் கூடாது. அவங்க தப்பா திருகினாலும் சொல்லித்தரக் கூடாது, இருமக்கூடக் கூடாது."

"என் மெஷின்மா அது!"

"அதனாலதான்."

"என்கிட்ட இந்த மாதிரி யாரும் பேசினது கிடையாது" என்றார். கோபமா சிரிப்பா என்று குரலில் தெரியவில்லை. "சரி. பேசலை."

சித்தப்பாவுக்குச் சொன்னேன். "ஒரே ஒரு நாள் வேலை. அதுக்கு இந்த ஆட்டமா?" என்றார்.

"என் விலை, என் முறை. பேசினது அவ்வளவுதானே? திரையைக் கழட்டிடுங்க, அந்த சீட்டுக்கு வேற ஆளைப் பாருங்க."

போனை வைத்துவிட்டார். வைப்பதற்கு முன்னால் அவர் "கழுதை" என்று சொன்னது கேட்டது. சின்ன வயதில் நானும் தம்பியும் எதிலாவது ஜெயித்தால் அப்படித்தான் சொல்வார்.

சாயங்காலம் தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு. ஒரு பெண் குரல், தயங்கித் தயங்கி.

"நான் உங்க சித்தப்பா ஆபீஸ்ல மூணாவது மாடியில படம் போடுறவம்மா. நாற்காலி, மேஜை, அலமாரி, எல்லாக் கேட்டலாகும் நான்தான். வர்ற மாசத்தோட அம்பத்தஞ்சு வயசாகுது. சார் காலையிலேர்ந்து மூணு மாடிக்கும் கேக்குற மாதிரி உங்களைத் திட்டிட்டு இருக்காரு. அதுலதான் விஷயம் தெரிஞ்சுது."

"என்ன திட்டினார்?"

"திமிர் புடிச்சவ, அப்படியே எங்க அண்ணன் மாதிரின்னு. திட்டுற மாதிரியும் இருந்துச்சு, இல்லாத மாதிரியும் இருந்துச்சு." அவர் சிரித்தார். "பத்தொம்பது வருஷமா நாற்காலி வரையறேன். ஒரு நாள்கூட அதுல உக்காந்திருக்கற ஆளை வரையச் சொன்னதில்லை. உங்க தம்பி போட்ட புத்தகம் ரெண்டு மூணு எங்க அச்சகத்துலதான் அச்சாச்சு. அந்தக் கையெல்லாம் வெட்டி எடுத்து வச்சிருக்கேன். அவர் மாதிரி எனக்கு வராதும்மா, அதை முதல்லயே சொல்லிடறேன்."

"வர வேண்டாங்க. அவங்க தடுமாறும்போது கை எங்க இருக்குன்னு மட்டும் போடணும். நீங்க பார்க்கிற மாதிரி போடுங்க."

"அப்போ வரலாமா? லீவு போட்டுட்டு வந்துடறேன். காசெல்லாம் வேண்டாம்மா. சும்மா ஒரு ஓரமா உக்காந்து பார்த்தாலே போதும்."

"சும்மா வர்றதா இருந்தா வராதீங்க."

"ஏம்மா?" என்றார்.

"நாள் முழுக்க வேலை. காலையில எட்டு மணிக்கு ஆரம்பிச்சா மூணாவது ஆள் முடிக்கிற வரைக்கும். ஒரு நாளைக்கு எவ்வளவு கேக்குறீங்க?"

அவர் ஒரு தொகை சொன்னார். சொல்லும்போதே குரல் இறங்கிப்போய், கடைசி எண் எனக்குச் சரியாகக் கேட்கக்கூட இல்லை. கேட்ட வரைக்குமே அது ரொம்பக் குறைவு.

"பத்தாதுங்க. மறுபடி சொல்லுங்க."

"அம்மா, எனக்கு இதெல்லாம் கேட்டுப் பழக்கமில்லை."

"நானும் கண்ணாடி முன்னால நின்னு அஞ்சு தடவை சொல்லிப் பார்த்துட்டுத்தான் போனேன். அவசரம் இல்லை. லைன்லயே இருக்கேன்."

அவர் தொண்டையைச் செருமினார். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். பிறகு முதலில் சொன்னதைப் போல மூன்று மடங்கு தொகையை, கிட்டத்தட்டக் கத்துகிற குரலில் சொன்னார். மூன்றாவது மாடியில் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

"சரி" என்றேன். "திங்கட்கிழமை காலை எட்டு மணி. முன்பணம் இன்னிக்கே அனுப்பிடறேன்."